எழுத்தை நம்பி இடம் மாறிய நெடுவரிசைகள்: ஒரு மேக்ரோவின் நிகழ்வு ஆய்வு

"சார், இவங்க பதிவு மட்டும்தானே போடுவாங்க? சரிபார்த்தவர் இடத்துல இவங்க பேர் எப்படி வந்துச்சு?"

கணக்குப் பிரிவில் இருக்கும் சக ஊழியர் ஒருவர் கேட்ட இந்தக் கேள்வியில்தான் எல்லாம் தொடங்கியது. மாதாந்திரக் கையிருப்பு அறிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, சரிபார்க்கும் பொறுப்பே இல்லாத ஒருவரின் பெயர் அந்த நெடுவரிசையில் வரிக்கு வரி நிறைந்திருந்தது உறுத்தியது. தோண்டிப் பார்த்தபோது அந்த மாதம் மட்டுமல்ல, அதற்கு முந்தைய மாத அறிக்கையும் தவறு என்று தெரிந்தது. அதைவிடப் பெரிய தவறு ஒன்றும் கூடவே இருந்தது. 'விற்பனைத் தொகை' என்ற தலைப்பின் கீழ் இருந்தவை கொள்முதல் தொகைகள்.

யாரும் தவறாக எதையும் தட்டவில்லை. எல்லாவற்றையும் செய்தது ஒரு மேக்ரோ, அதாவது எக்செல்லில் ஒரு வேலையைத் தானாகச் செய்ய எழுதி வைத்த சிறு நிரல். அது ஏன் அப்படிச் செய்தது, அதைச் சரிசெய்யப் போய் நான் எங்கெல்லாம் இடறினேன் என்பதை விவரமாக எழுதி வைக்கிறேன். நெடுவரிசைகளை இடம் மாற்றுவது சின்ன வேலைபோலத் தெரியும். அந்தச் சின்ன வேலைக்குள் இத்தனை குழிகள் இருக்கின்றன.

பழைய மேக்ரோ என்ன செய்தது

கையிருப்பு மென்பொருளிலிருந்து ஒவ்வொரு மாதமும் ஒரு எக்செல் ஃபைல் இறங்கும். அதில் 18 நெடுவரிசைகள். அறிக்கைக்குத் தேவை எட்டுதான், அதுவும் வேறு வரிசையில். மூலத்தில் ஏ முதல் எஃப் வரை தேதி, பொருள் குறியீடு, பொருள் பெயர், காலாவதி தேதி, அலகு, அளவு. பிறகு ஜி-யில் கொள்முதல் தொகை, எச்-சில் விற்பனைத் தொகை, ஐ-யில் பதிவிட்டவர், ஜே-யில் சரிபார்த்தவர். மீதி எட்டும் அறிக்கைக்கு வேண்டாதவை.

யாரோ ஒருவர் முன்பு மேக்ரோ ரெக்கார்டரை ஓடவிட்டு, நெடுவரிசைகளைக் கையால் நகர்த்தி, அதைப் பதிந்து ஒரு பட்டனில் மாட்டிவிட்டிருந்தார். ரெக்கார்டர் நாம் செய்ததை அப்படியே எழுதிக்கொள்ளும். எச்-சைத் தேர்ந்தெடுத்தால் 'எச்' என்றுதான் எழுதும். அந்த எச்-சில் இருப்பது விற்பனைத் தொகை என்பது அதற்குத் தெரியாது. கடைசிக் கட்டமாக, அழகாக வடிவமைத்த தலைப்பு வரி ஒன்றை வேறொரு ஷீட்டிலிருந்து எடுத்து முதல் வரியின் மேல் பேஸ்ட் செய்திருந்தார்.

அப்புறம் மென்பொருளுக்கு ஒரு புதுப்பிப்பு வந்தது. எஃப்-புக்கும் ஜி-க்கும் நடுவே 'தொகுதி எண்' என்று ஒரு புது நெடுவரிசை முளைத்தது. அதன் வலப்பக்கம் இருந்தவை எல்லாம் ஓரிடம் தள்ளிப் போயின. எச்-சில் இப்போது கொள்முதல் தொகை, ஜே-யில் பதிவிட்டவர். மேக்ரோ வழக்கம்போல எச்-சையும் ஜே-யையும் எடுத்து வைத்தது.

இந்த இடத்தில் தலைப்புகள் மட்டும் தொடப்படாமல் இருந்திருந்தால் அன்றைக்கே குட்டு வெளிப்பட்டிருக்கும். 'கொள்முதல் தொகை' என்ற தலைப்பு அறிக்கையின் நடுவே வந்து நின்றிருக்கும். ஆனால் கடைசிக் கட்டம் சரியான தலைப்புகளைத் தவறான தரவின் மேல் ஒட்டி மூடிவிட்டது. பணத்தின் இடத்தில் பணம், பெயரின் இடத்தில் பெயர். பார்வைக்கு எல்லாம் ஒழுங்கு. என்னைக் கேட்டால் எழுத்தால் அழைத்தது முதல் தவறு, தலைப்பை மேலே ஒட்டியது அதைவிடப் பெரிய தவறு. தலைப்பு தன் தரவோடு சேர்ந்தேதான் நகர வேண்டும்.

மாதாமாதம் இறங்கிய மூல ஃபைல்களை ஒரு ஃபோல்டரில் அப்படியே வைத்திருந்தார்கள். அதனால் இரண்டு மாத அறிக்கைகளையும் திரும்பப் போட முடிந்தது. மூலத்தின் மேலேயே மேக்ரோவை ஓட்டிச் சேமித்திருந்தால் அந்த வழியும் அடைபட்டிருக்கும். எக்செல்லில் மேக்ரோ ஷீட்டை மாற்றிவிட்டால் அன்டூ பட்டியல் காலியாகிவிடும், பின்னோக்கிப் போக முடியாது.

முதல் முயற்சி: அர்ரேயில் அள்ளிப் போடுவது

புதிதாக எழுதுவது என்று முடிவானதும், வேகமான வழி என்று நினைத்து முழுத் தரவையும் ஒரு அர்ரேயில், அதாவது நினைவகத்தில் மதிப்புகளை அடுக்கி வைக்கும் பட்டியலில், அள்ளினேன். நெடுவரிசைகளை நினைவகத்திலேயே மாற்றி அடுக்கி, அதே ஷீட்டில் ஒரே வீச்சில் திரும்ப எழுதினேன். கண் இமைக்கும் நேரத்தில் முடிந்தது.

முதல் நெடுவரிசையில் பொருள் குறியீடு வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் 00481 என்ற குறியீடு இருக்க வேண்டிய செல்லில் 25-04-1901 என்று ஒரு தேதி இருந்தது.

காரணம் எளிது. அர்ரே மதிப்புகளை மட்டும்தான் சுமக்கும். செல்லின் வடிவம் அந்தந்த இடத்திலேயே தங்கிவிடும். ஏ நெடுவரிசை பழையபடி தேதி வடிவத்திலேயே இருந்தது. அதில் '00481' என்ற உரையை எழுதியதும், எக்செல் அதை எண் என்று புரிந்துகொண்டு 481 ஆக்கியது. தேதிகளை எக்செல் 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என்று வைத்து எண்ணுகிறது. அந்தக் கணக்கில் 481ஆவது நாள் 1901 ஏப்ரல் 25. அந்தச் செல்லைப் பொதுவான வடிவத்துக்கு மாற்றினாலும் 481 தான் வரும், போன இரண்டு சைபர்கள் போனவைதான். உரையாக வைத்திருக்கும் நீண்ட அடையாள எண்களுக்கு இன்னும் மோசம். எண்ணாக மாறினால் 15 இலக்கங்கள் வரைதான் பிழைக்கும், 16ஆவதிலிருந்து சைபர்.

ஃபார்முலாக்களும் போய்விட்டன. மதிப்பை மட்டும் எடுத்தால் ஃபார்முலா இருந்த செல்லில் வெறும் விடைதான் எஞ்சும். ஃபார்முலா எதுவும் இல்லாத, எல்லாமே எண்களாக இருக்கும் லட்சக்கணக்கான வரிகளுக்கு அர்ரே நல்ல வழிதான். எட்டு நெடுவரிசைகளை நகர்த்த அது தேவையே இல்லை. முழு நெடுவரிசையைக் கட் செய்து வேண்டிய இடத்தில் இன்சர்ட் செய்தால் மதிப்பு, வடிவம், ஃபார்முலா, செல்லில் எழுதிய குறிப்பு எல்லாம் ஒன்றாக நகரும். அந்த நெடுவரிசையைச் சுட்டும் மற்ற ஃபார்முலாக்களும் தாமாகவே புது இடத்தைச் சுட்டும்.

தேதியைத் தேடினால் காலாவதி தேதி கிடைத்தது

அடுத்து, பெயரைச் சொல்லித் தேடும் நிரல். தலைப்பு வரியில் ஃபைண்ட் கட்டளையால் 'தேதி'யைத் தேடு, கிடைத்த நெடுவரிசையைக் கட் செய். ஓட்டியதும் தேதிக்குப் பதில் காலாவதி தேதி நகர்ந்தது.

ஃபைண்டுக்கு இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒன்று, செல்லின் முழு உள்ளடக்கமும் பொருந்த வேண்டுமா, ஒரு பகுதி பொருந்தினால் போதுமா என்பதை நாம் சொல்லாவிட்டால், கடைசியாக யார் என்ன வைத்திருந்தார்களோ அதையே எடுத்துக்கொள்ளும். நிரல் மட்டுமல்ல, கையால் கன்ட்ரோல் எஃப் அடித்துத் தேடியதும் அதில் சேரும். அதாவது காலையில் ஒருவர் ஷீட்டில் எதையோ தேடியது, மதியம் மேக்ரோவின் விடையை மாற்றிவிடும். இரண்டு, எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லாவிட்டால் முதல் செல்லை விட்டுவிட்டு அடுத்த செல்லிலிருந்து தேடும். முதல் செல்லைச் சுற்றி வந்து கடைசியில்தான் பார்க்கும். ஏ-யில் இருந்த தேதியைத் தாண்டி டி-யில் இருந்த காலாவதி தேதியை அது முதலில் பிடித்ததற்கு இந்த இரண்டும் சேர்ந்ததே காரணம்.

முழுப் பொருத்தம் என்று வெளிப்படையாகச் சொன்னால் இது தீர்ந்துவிடும். நான் ஃபைண்டையே விட்டுவிட்டு, தலைப்பு வரியை ஒருமுறை படித்து, பெயர்–இட எண் என்று, பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தரும் ஒரு டிக்‌ஷனரியில் போட்டுக்கொண்டேன். ஒரே தலைப்பு இரண்டு முறை இருந்தால் அப்போதே தெரிந்துவிடும் என்பது இதில் கிடைக்கும் கூடுதல் லாபம்.

டிக்‌ஷனரியில் போட்ட எண்ணை அப்படியே நம்பக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். புது ஃபைலில் அளவு ஆறாவது இடம், விற்பனைத் தொகை ஒன்பதாவது இடம். அறிக்கையின் வரிசை: பொருள் குறியீடு, பொருள் பெயர், விற்பனைத் தொகை, அளவு, அலகு, தேதி, காலாவதி தேதி, சரிபார்த்தவர். முதல் இரண்டை நகர்த்தும்வரை அளவு ஆறிலேயேதான் இருக்கும். ஒன்பதில் உள்ள விற்பனைத் தொகையைக் கட் செய்து மூன்றில் இன்சர்ட் செய்த அந்த நொடியில், மூன்று முதல் எட்டு வரை இருந்தவை எல்லாம் ஓரிடம் வலப்பக்கம் போய்விடும். அளவு இப்போது ஏழில். தொடக்கத்தில் குறித்து வைத்த ஆறை நம்பிப் போனால் கையில் வருவது அலகு. எனவே ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பிறகும் தலைப்பு வரியைத் திரும்பப் படிக்க வேண்டும். இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக நிலைநிறுத்திக்கொண்டே போனால், தேடும் நெடுவரிசை எப்போதும் நிலைநிறுத்தியவற்றுக்கு வலப்பக்கமாகத்தான் இருக்கும். ஏற்கெனவே தன் இடத்தில் இருந்தால் விட்டுவிடலாம்.

கேள்விக்குறிகளாக மாறிய தமிழ்

தலைப்புகள் தமிழில் இருப்பதால் வந்த சிக்கல் தனிக் கதை. மேக்ரோ எழுதும் மொழி விபிஏ. அதன் எடிட்டரில் 'விற்பனைத் தொகை' என்று எழுத முயன்றால் வரிசையாகக் கேள்விக்குறிகள் விழும். 1993இல் எக்செல் 5 உடன் வந்த விபிஏ, எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடு பரவலாவதற்கு முந்தைய ஏற்பாட்டில் பிறந்தது. அதன் எடிட்டர் இன்றும் விண்டோஸின் பழைய குறியீட்டுப் பக்கங்களை (எந்த எண் எந்த எழுத்து என்ற மொழிவாரிப் பட்டியல்களை) நம்பித்தான் எழுத்துகளைக் காட்டுகிறது. எடிட்டர் பயன்படுத்தக்கூடிய அப்படி ஒரு குறியீட்டுப் பக்கம் தமிழுக்கு விண்டோஸில் கிடையாது. நிரல் ஓடும்போது நினைவகத்தில் தமிழ் சரியாகத்தான் இருக்கும். எடிட்டரில் எழுதவும், மெசேஜ் பாக்ஸில் காட்டவும்தான் முடியாது.

இந்தத் தடை கடைசியில் நல்ல வடிவமைப்புக்குக் கொண்டுபோய் விட்டது. தலைப்புப் பெயர்களை நிரலுக்குள் எழுத முடியாது என்பதால், மேக்ரோ ஃபைலிலேயே தனி ஷீட் ஒன்றில் வேண்டிய வரிசையை மேலிருந்து கீழாக எழுதி வைத்தோம். நிரல் அந்தப் பட்டியலைப் படித்து அதன்படி நகர்த்தும். ஷீட்டின் தமிழ்ப் பெயரையும் நிரலில் எழுத முடியாதே என்றால், ப்ராப்பர்ட்டி பெட்டியில் ஷீட்டுக்கு உள்பெயர் ஒன்று கொடுத்து அதைக் கொண்டு கூப்பிடலாம். நாளைக்கு வரிசை மாற வேண்டும் என்றால் நிரலைத் திறக்கவே வேண்டாம், பட்டியலை மாற்றினால் போதும். ஆங்கிலத் தலைப்புகளாக இருந்திருந்தால் நான் சோம்பலில் நிரலுக்குள்ளேயே எழுதியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

பதினான்கா, பதினைந்தா?

எல்லாம் சரியாக ஓடியது. பிறகு இன்னொரு பிரிவிலிருந்து வந்த ஃபைலில் ஓட்டிப் பார்த்தபோது நின்றுவிட்டது. விற்பனைத் தொகை கிடைக்கவில்லை என்றது. தலைப்பு வரியில் கண்ணெதிரே விற்பனைத் தொகை இருக்கிறது.

முதல் சந்தேகம், பெயரின் கடைசியில் ஒட்டியிருக்கும் வால் இடைவெளி. அதை நீக்கிப் பார்த்தேன், பயனில்லை. இணையப் பக்கங்களிலிருந்து ஒட்டும்போது வரும் 160ஆம் எண் இடைவெளியாக இருக்கலாம் என்று அதையும் நீக்கினேன் (இடைவெளிகளை நீக்கும் சாதாரண ட்ரிம் கட்டளை அதைத் தொடாது). அதுவும் இல்லை. சரி, நீளத்தைப் பார்ப்போம் என்று இரண்டையும் அளந்தேன். பட்டியலில் இருந்த பெயரின் நீளம் 14. ஃபைலில் இருந்ததன் நீளம் 15.

பார்க்க ஒரே சொல். ஒரு குறியீடு மட்டும் எங்கோ ஒளிந்திருக்கிறது. எடிட்டரில் தமிழ் தெரியாது, ஆனால் எண் தெரியுமே. ஒவ்வொரு எழுத்தின் யூனிகோடு எண்ணையும் வரிசையாக அச்சிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பதினொன்றாவது வரை அச்சு அசல் ஒன்று, இரண்டிலும் 2980, அதாவது 'தொகை'யின் த. பன்னிரண்டாவதில் பிரிந்தன. பட்டியலில் 3018. ஃபைலில் 3014, அதை அடுத்து 3006.

3018 என்பது ஒகரக் குறி, ஒரே குறியீடாக. 3014 ஒற்றைக் கொம்பு, 3006 கால். ஃபைலைத் தயாரித்த இடத்தில் 'தொ' என்பது கொம்பு, கால் என்று இரண்டு துண்டாகப் பதிவாகியிருந்தது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். யூனிகோடு தரப்படியும் இரண்டும் சமமானவைதான். ஆனால் விபிஏ வழக்கமாக ஒப்பிடும்போது எண்ணை எண்ணோடு வைத்துத்தான் பார்க்கும், அதற்கு இவை வேறு வேறு சொற்கள். ஐந்து நிமிட வேலை என்று நினைத்தது இந்த ஒரு காலுக்காக அரை நாளை எடுத்துக்கொண்டது. தமிழ்த் தலைப்புகளோடு வேலை செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

தீர்வு, ஒப்பிடுவதற்கு முன் இரண்டு பக்கத்துப் பெயர்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது. 3014-உம் 3006-உம் சேர்ந்து வந்தால் 3018. ஓகாரத்துக்கு 3015-உம் 3006-உம் சேர்ந்தால் 3019. ஔகாரத்துக்கு 3014-உம் 3031-உம் சேர்ந்தால் 3020. இந்த 3031 பார்க்க 'ள' மாதிரியே இருக்கும், ஆனால் ளகரம் அல்ல. சிலர் கொம்பு போட்டு உண்மையான ளகரத்தையே தட்டிவிடுவார்கள். அதை நிரல் தானாகத் திருத்தக் கூடாது. 'வெள்ளம்' போன்ற சொற்களில் கொம்புக்கு அடுத்து ளகரம் முறையாகவே வரும்.

நகர்த்துவதற்கு முன் எல்லாம் இருக்கிறதா என்று பார்

இப்போதைய மேக்ரோ முதலில் மூல ஷீட்டை நகலெடுத்துக்கொண்டு நகலில்தான் கை வைக்கிறது. ஃபில்டர் போட்டிருந்தால் எடுத்துவிடும். இணைத்த செல்கள் இருந்தால் பிரித்துவிடும், ஏனென்றால் பல நெடுவரிசைகளின் மேல் படுத்திருக்கும் இணைத்த தலைப்பு கட்–இன்சர்ட்டைத் தடுத்துவிடும்.

அதன் பிறகு எதையும் நகர்த்தாமல், பட்டியலில் உள்ள எட்டுப் பெயர்களும் ஃபைலில் தலா ஒரு முறை இருக்கின்றனவா என்று பார்க்கிறது. ஒன்று குறைந்தாலும், ஒன்று இரண்டாக இருந்தாலும் அங்கேயே நின்றுவிடும். மெசேஜ் பாக்ஸ் தமிழைக் காட்டாது என்பதால், கிடைக்காத பெயர் இருக்கும் செல்லைப் பட்டியல் ஷீட்டிலேயே சிவப்பாக்கிவிடும். பாதி நகர்த்திவிட்டு நடுவில் நிற்பதைவிட, தொடங்காமல் நிற்பது எவ்வளவோ மேல்.

நகர்த்துவதற்கு முன்பும் பின்பும் ஒவ்வொரு தலைப்பின் கீழும் நிரம்பிய செல்கள் எத்தனை, எண்களாக இருந்தால் கூட்டுத்தொகை என்ன என்று எடுத்து, தலைப்பின் பெயரால் ஒப்பிடுகிறது. பழைய மேக்ரோவின் தவறை இந்த ஒரு சோதனை முதல் மாதமே பிடித்திருக்கும். மூலத்தில் விற்பனைத் தொகையின் கூட்டு ஒன்று, அறிக்கையில் வேறு.

இதையெல்லாம் செய்த பிறகும் சுருக்க ஷீட்டில் ஒரு எண் தவறாக வந்தது. அங்கே வேறு அட்டவணையில் தேடி மதிப்பை எடுத்துவரும் வி-லுக்கப் ஃபார்முலா இருந்தது, எட்டாவது நெடுவரிசையைக் கொண்டுவா என்று. கட்–இன்சர்ட் செல் முகவரிகளைத்தான் பின்தொடர்ந்து திருத்தும். ஃபார்முலாவுக்குள் வெறும் எண்ணாக உட்கார்ந்திருக்கும் எட்டை அது தொடாது. அதே எழுத்துக் கோளாறு, எண் வேடத்தில். நெடுவரிசையைத் தலைப்பின் பெயரால் தேடும் இண்டெக்ஸ்–மேட்ச் ஆக மாற்றினோம். மூடியிருக்கும் வேறு ஒர்க்புக்கிலிருந்து இந்த ஷீட்டைச் சுட்டும் ஃபார்முலாக்களும் இப்படித்தான், நகர்த்தல் அவற்றுக்குத் தெரியாது.

மேக்ரோ இல்லாமலே முடியாதா என்று கேட்டார்கள். முடியும். ஃபார்முலா இல்லாத வெறும் தரவு என்றால், தரவை இறக்கி ஒழுங்குபடுத்த எக்செல்லிலேயே இருக்கும் பவர் க்வெரியைத்தான் நான் சொல்வேன். அது நெடுவரிசைகளைப் பெயரால்தான் அடுக்கும், பெயர் இல்லையென்றால் பிழை காட்டி நிற்கும், தமிழ்ப் பெயர்களையும் அப்படியே எழுதலாம். அட்வான்ஸ்டு ஃபில்டரில் வேண்டிய தலைப்புகளை வேண்டிய வரிசையில் எழுதி வைத்து 'வேறு இடத்துக்கு நகலெடு' என்றாலும் அந்த வரிசையில் வந்து விழும். பலருக்குத் தெரியாத பழைய வழி அது. கூகுள் ஷீட்ஸில் நெடுவரிசையை நகர்த்தவே ஒரு கட்டளை இருக்கிறது. ஆனால் சேருமிடத்தின் எண்ணை நகர்த்துவதற்கு முந்தைய நிலைப்படி கொடுக்க வேண்டும், வலப்பக்கம் நகர்த்தும்போது பலர் அங்கேதான் வழுக்குவார்கள். இங்கே ஷீட்டிலேயே ஆட்கள் குறிப்புகளும் ஃபார்முலாக்களும் எழுதி வைப்பதால் மேக்ரோவே பொருத்தமாக இருந்தது.

புது மேக்ரோ ஓடத் தொடங்கிய மூன்றாவது மாதம், அது ஒரு நாள் காலையில் எதையும் செய்யாமல் நின்றது. பட்டியலில் 'அளவு' சிவப்பாகியிருந்தது. மென்பொருளில் அந்தத் தலைப்பை 'இருப்பு அளவு' என்று மாற்றியிருந்தார்கள். பட்டியலின் பக்கத்து நெடுவரிசையை மாற்றுப் பெயர்களுக்கென்று விட்டு வைத்திருந்தோம். முதல் கேள்வியைக் கேட்ட அதே சக ஊழியர், யாரையும் கூப்பிடாமல் 'இருப்பு அளவு' என்று அதில் எழுதிவிட்டுப் பட்டனை மறுபடி அழுத்தினார்.